பினாங்கு முதலாளியின் கருமாதி

தவிட்டம்பட்டுக்காரர்களை யாராவது முட்டாள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் பக்கத்து ஊர்க்காரன், அவர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவன். அவர்கள் முட்டாள்கள் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். மழை வந்தால் கொடியில் இருக்கிற துணியை எடுத்துப்போடு என்று அஞ்சலை தன் புருஷன் தாண்டவராயனிடம் சொல்லிவிட்டுத் தாய்வீட்டுக்குப் போனாள். மழை வரவில்லை. மூன்று மாதம் வேட்டியெல்லாம் கொடியிலேயே காய்ந்து கந்தலாகிப் போச்சு, மனுஷன் கோவணத்தோடு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் அவர் தப்பு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

இந்தத் தாண்டவராயன்தான் அந்த ஊர் நாடக சபாவுக்கு ராஜா. சபாவில் மொத்தம் ஐந்து பேர். ஆர்மோனியம் சம்மந்தம். ராணி வேஷம் கன்னியப்பன், மீசையை எடுக்க மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்ட ராணி. பின்பாட்டுக்குப் பெரிய மண்ணு, சின்ன மண்ணு என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். சம்மந்தம் தானே எழுதிய சங்கீத நாடகம் ஒன்று இருந்தது, பேர் ‘ஏழு குதிரை மகாராஜா’. அறுபத்து நாலு பாட்டு. முதல் காட்சியில், ‘ஏழு குதிரைகள் வரும்’ என்று எழுதி வைத்துவிட்டான். குதிரைக்கு எங்கே போவது? இருபத்திரண்டு வருஷமாக ஒத்திகை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

ஆறு குதிரை போதாதா என்று நான்கூட ஒருமுறை கேட்டேன். எழுதியதை மாற்றினால் எழுதினவனுக்கு அவமானம் என்றான் சம்மந்தம். அந்த எழுதினவனே அவன்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

தாண்டவராயனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. முப்பதில் செய்த கிரீடம், தலைமுடி கொட்டிப்போனதில் மூக்கு வரைக்கும் இறங்கியது. என்னிடம் ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார். "ஒரு தபா மேடையில நின்னு பாடிட்டா போதும்பா. அப்புறம் எமன் வந்தாலும் பின்பாட்டுக்கு உக்கார வெச்சிக்குவேன்." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிப்போச்சு.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் கிருபாகரன். கறுப்புக் கண்ணாடி, கையில் பெட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா. தான் நாடகங்களுக்குப் பணம் பிடித்துக் கொடுக்கிறவன் என்றான். பினாங்கில் பொன்னுரங்கம் என்று ஒரு முதலாளி இருக்கிறாராம், ஆறடி உயரமாம், முறுக்கு மீசையாம், வலது கன்னத்தில் மச்சமாம், நாடகம் என்றால் உயிரையே விடுவாராம். ஒரு லட்சம் ரூபாய் போடத் துடிக்கிறாராம். முத்திரைத்தாளில் ஒப்பந்தமும் கொண்டுவந்திருந்தான். ‘ஏழு குதிரைக்கும் நாடகச் செலவு முழுவதுக்கும் நானும் எனக்குப் பின் என் வாரிசுகளும் பொறுப்பு’ என்று அதில் இருந்தது. கனமாக இருக்கட்டும் என்றுதான் வாரிசைச் சேர்த்திருக்கிறான், பாவி. கீழே கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து.

முதலாளி கப்பலில் வர டிக்கெட்டை மட்டும் இவர்கள் எடுக்கணும், அதுதான் மரியாதை, ஒன்பதாயிரம் ஆகும் என்றான். பெரிய மண்ணுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஒரு லட்சம் வெச்சிருக்கறவரு டிக்கெட்டை அவரே எடுக்க மாட்டாரா?"

கன்னியப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவரே எடுத்தா லட்சத்துல ஒன்பதாயிரம் கொறைஞ்சிடும். அப்புறம் யாருக்கு நஷ்டம்?"

நமக்குத்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பெரிய மண்ணு அவசரப்பட்டுக் கேட்டதுக்கு மன்னிப்புக் கேட்டான். சைக்கிள் போச்சு, ஆடு போச்சு, அண்டா குண்டான் போச்சு. தாண்டவராயன் தன் உழவு மாடு இரண்டையும், மயிலையையும் செவலையையும், சந்தையில் ஒரு தரகரிடம் விற்றுவிட்டு வந்தார். இனிமேல் ஏரில் யாரைப் பூட்டப்போகிறாய், நான் வர மாட்டேன் என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். நாடகம் முடிந்ததும் இரண்டையும் மீட்டுவிடுவேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டார்.

போகும்போது கிருபாகரன் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார், அவர் கால் தரையில் படக்கூடாது, அப்படித் தாங்கணும். இரண்டு, விஷயம் இந்த ஐந்து பேரைத் தவிர ஆறாவது ஆளுக்குத் தெரியக்கூடாது.

ஆறாவது ஆள் யார் என்று ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். டீக்கடை பெஞ்சில் இவர்கள் ஐந்து பேருக்கு அடுத்தபடியாக உட்காருகிறவன் ஏகாம்பரம். ஆகவே அவன்தான் ஆறாவது ஆள். அவனுக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டு மற்ற ஊருக்கெல்லாம் சொன்னார்கள். ஏழாவது ஆளிலிருந்து நானூறாவது ஆள் வரைக்கும் தெரிந்துபோச்சு. ஏகாம்பரம் வந்தால் பேச்சு நின்றுவிடும். என்னப்பா விஷயம் என்று கேட்டால், உனக்குச் சொல்லக்கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள்.

எந்த வெள்ளிக்கிழமை என்று கிருபாகரன் சொல்லவில்லை. அதனால் எல்லா வெள்ளிக்கிழமையும் மாலையோடு போய் நின்றார்கள். நாலாவது வெள்ளியில் ஒருத்தர் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். கால் தரையில் படுவதற்குள் நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நான் கோழிக்கு ஊசி போட வந்தவன் என்று அவர் கதறினார். எவ்வளவு பணிவு பார் என்று தாண்டவராயன் நெகிழ்ந்துபோனார். கடைசியில் அந்த மனுஷன் தோளில் உட்கார்ந்தபடியே தெருத்தெருவாகப் போய் நூற்றுப்பத்து கோழிக்கு ஊசி போட்டு முடித்தார். கோழியை ஒவ்வொன்றாக மேலே நீட்டினது சின்ன மண்ணு.

ஒன்பதாவது வெள்ளிக்கிழமை முதலாளிக்குப் பதிலாகத் தந்தி வந்தது. ‘பினாங்கில் முதலாளி தலையில் தேங்காய் விழுந்து மரணம். நாடகம் ரத்து. வருந்துகிறேன். கிருபாகரன்.’

வேறு ஊராக இருந்தால் அப்போதே போலீசுக்குப் போயிருப்பார்கள். தவிட்டம்பட்டில் எழவு விழுந்துவிட்டது. பறை கொட்டச் சொன்னார்கள். பெண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒரு லட்சம் குடுக்க வந்த ராசாவே, ஒத்தத் தேங்காய்க்குப் போனியே என்று அஞ்சலை பாடினாள். ஊரில் ஒரு வீட்டிலும் பதினாறு நாள் தேங்காய் உடைக்கவில்லை. ஏகாம்பரம் மட்டும் ஒவ்வொரு வாசலாகப் போய், யாருப்பா செத்தது, சொல்லுங்கப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தீட்டு நமக்கு உண்டா என்ற கேள்வி வந்தது. நாடகத்தில் பங்கு போட்டவர் பங்காளி இல்லாமல் வேறு யார் என்றான் சம்மந்தம். பங்காளி என்றால் பதினாறாம் நாள் கருமாதி செய்யணும். எங்கள் பக்கத்தில் கருமாதி என்றால் கூத்து வைப்பார்கள், செத்தவர் நல்லபடியாகப் போய்ச் சேர. தாண்டவராயன் தலையைத் தூக்கினார்.

"அப்ப நம்ம மகாராஜாவையே ஆடிடலாமே."

"நாடகம் ரத்துன்னு தந்தியில இருக்குதே," என்றான் பெரிய மண்ணு.

சம்மந்தம் தந்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாடகந்தான் ரத்து. கருமாதிக் கூத்து ரத்துன்னு எங்க போட்டிருக்குது?"

எங்கேயும் போடவில்லை. தாண்டவராயன் ஓடிப்போய்க் கிரீடத்தைத் துடைத்து வைத்தார்.

படத்துக்கு மாலை போடணும். முதலாளியை யாரும் பார்த்ததில்லை. ஆகவே வெறும் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி மாலை போட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் அதன் முன்னால் நின்று, அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்குது என்றார்கள்.

அப்புறம் மொய். செத்தவர் குடும்பத்துக்குப் போகவேண்டிய பணம், குடும்பமோ பினாங்கில். நம்ம ரூபாய் அங்கே செல்லாது. அதனால் மொய்யைப் பினாங்குக் காசில்தான் எழுதணும் என்று முடிவானது. யாரிடமும் அந்தக் காசு இல்லை. ‘அவரவர் பினாங்கு போகும்போது கொடுப்பது’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு ஆரம்பித்தார்கள். கையிலிருந்து காலணா போகவேண்டாம் என்றதும் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வந்தது. ஐந்நூறு, ஆயிரம் என்று எழுதினார்கள். நான்கூட இரண்டாயிரம் எழுதினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு தாராளமாக இருந்ததே கிடையாது.

பன்னிரண்டாம் நாள் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரம். அதைப் பஸ் நிறுத்தத்தில் ஒரு கரும்பலகையில் எழுதி வைத்தார்கள். முதல் பக்கத்துச் சங்கதியை எழுதப் பலகையில் இடம் இல்லை.

கிருபாகரன் வேலூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா தின்றுகொண்டிருந்தானாம். பக்கத்து மேசையில் இந்த மொய்யைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பாதிப் பரோட்டாவை விட்டுவிட்டு பஸ் ஏறினான். பதிமூன்றாம் நாள் தவிட்டம்பட்டில் இறங்கினான், கரும்பலகையைப் பார்த்தான், அங்கேயே புழுதியில் விழுந்து, "அப்பா" என்று கத்தினான்.

தான் முதலாளியின் வளர்ப்பு மகன் என்றும், பெருமை பேசக்கூடாது என்று இத்தனை நாள் மறைத்ததாகவும், தனக்கு மொய் நோட்டு மட்டும் போதும், உடனே கிளம்பணும் என்றும் அழுதுகொண்டே சொன்னான். ஊரே அவனைக் கட்டிக்கொண்டது. அவர்களுக்கு இருந்த ஒரே குறை வாரிசு இல்லாததுதான். கருமாதி முடியாமல் மொய்யைத் தொடக்கூடாது, அது முறை இல்லை என்று கன்னியப்பன் அவனை உட்கார வைத்தான்.

முதலில் மொட்டை. தலையிலும் முகத்திலும் ஒரு முடி இருக்கக்கூடாது என்று நாவிதரிடம் சொன்னார்கள். அவரும் தவிட்டம்பட்டுக்காரர். மீசையோடு புருவமும் போச்சு.

அடுத்து சாப்பாட்டுச் செலவு வாரிசுடையது. அரிசி எட்டு மூட்டை. அப்புறம் தானம் கொடுக்க மாடு. ஏதாவது ஒரு கிழட்டுப் பசு போதுமே என்றான் கிருபாகரன். தாண்டவராயன் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளிக்கு டிக்கெட் எடுத்தது மயிலையையும் செவலையையும் விற்ற காசில். அந்த மாடுகளைத்தான் தானம் செய்யணும், அதற்காக ரொம்பக் கஷ்டப்பட்டவருக்குத்தான் கொடுக்கணும். அப்படிக் கஷ்டப்பட்டவர் யார் என்று பார்த்தால், தேடவே வேண்டாம், அவரேதான். தரகர் இரண்டு மடங்கு விலை கேட்டார். கிருபாகரன் பெட்டியைத் திறந்தான், கரும்பலகையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து எண்ணிக் கொடுத்தான்.

மாடுகள் தெருவுக்குள் வந்ததும் தாண்டவராயன் இரண்டின் கழுத்தையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். செவலை அவர் வழுக்கையை நக்கியது. அஞ்சலை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய் இரண்டரை மாதத்துக்கு அப்புறம் புருஷனுக்குப் புளிக்குழம்பு வைத்தாள்.

கடைசியாகச் சம்மந்தம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தான். நானும் எனக்குப் பின் என் வாரிசுகளும். ஏழு குதிரை. தான் எழுதினதைத் தானே படித்துவிட்டுக் கிருபாகரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். பிறகு டவுனுக்குப் போய் ஏழு ஜட்கா வண்டிக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துக் குதிரைகளைக் கொண்டுவந்தான். அவனிடம் மிச்சம் இருந்தது சட்டைப் பையில் அந்த மூன்று பேனாதான்.

பதினாறாம் நாள் கூத்து. விளக்குச் செலவு வேண்டாம் என்று காலை ஒன்பது மணிக்கே வைத்தார்கள். கூத்து என்றால் பெட்ரோமாக்ஸ் வேண்டுமே, அதனால் வெயிலில் நாலு பெட்ரோமாக்ஸ் எரிந்தது. திரை விலகியது, குதிரைகள் வந்தன. குதிரைகள் வரும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது, போகும் என்று எங்கேயும் இல்லை. ஏழும் மேடையிலேயே நின்றன. பீப்பாயின்மேல் பலகை போட்ட மேடை எவ்வளவு தாங்கும்? நாற்பத்தோராவது பாட்டில் மடமடவென்று இறங்கிப்போச்சு.

ஒருவரும் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லிப் புத்தகத்தில் எழுதவில்லை. பலகைக்கு நடுவில், குதிரைக் கால்களுக்கு இடையில், கிரீடம் மூக்கில் தொங்க, தாண்டவராயன் எழுந்து நின்று மிச்சம் இருபத்து மூன்று பாட்டையும் பாடினார். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே பாடினார். இருபத்திரண்டு வருஷம் சேர்த்து வைத்த குரல். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஊர் எழுந்து நின்றது. அவர் கும்பிட்டபடி குலுங்கிக் குலுங்கி அழுதார். எங்களுக்கும் கண்ணீர் நிற்கவில்லை. ஏகாம்பரம்தான் ரொம்ப அழுதான். எதுக்கென்று அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை மொய் நோட்டைத் தாம்பாளத்தில் வைத்து வெற்றிலை பாக்கோடு வாரிசு கையில் கொடுத்தார்கள். அவன் முதல் பக்கத்தைப் படித்தான். திரும்பவும் படித்தான். புருவம் இல்லாத முகத்தில் என்ன ஓடியது என்று சொல்ல முடியவில்லை.

"பணம் எங்கே?"

"பினாங்குல," என்றான் கன்னியப்பன். "நாங்க போவசொல்ல குடுத்துடுவோம்."

"எப்பப் போவீங்க?"

"முதலாளிதான் டிக்கெட் எடுக்கணும். அவரு செத்துட்டாரே."

கிருபாகரன் நோட்டைத் தரையில் அடித்தான். அப்படி ஒரு முதலாளியே கிடையாது, பேர், மச்சம், மீசை எல்லாம் நானாகச் சொன்னது, உங்களை ஏமாற்றத்தான் வந்தேன், கடைசியில் நான் மொட்டையாகி நிற்கிறேன் என்று தெருவில் நின்று கூவினான். ஊர் அவனை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தது. அப்பன் செத்த துக்கத்தில் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று அஞ்சலை மோர் கொண்டுவந்தாள். அவன் அவர்களை உதறிவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். ஊரும் பின்னாலேயே ஓடியது.

"சார், நான் மோசடி பண்ணிட்டேன். என்னப் புடிச்சு உள்ள போடுங்க," என்று அவன் எஸ்ஐ காலில் விழுந்தான்.

எஸ்ஐ விசாரித்தார். புகார் யார் கொடுக்கிறது? தாண்டவராயன் கை கூப்பினார். தங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, பையன் அப்பாவுக்குக் கருமாதியை அமோகமாகச் செய்தான், புகார் என்றால் அந்தத் தென்னைமரத்தின் மேல்தான் கொடுக்கணும் என்றார். எஸ்ஐ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இங்க பாருங்க. பொன்னுரங்கம்னு ஒரு ஆளு பொறக்கவே இல்ல."

எப்போதும் பேசாத சின்ன மண்ணு வாயைத் திறந்தான்.

"இன்னும் பொறக்கலையா சார்?"

எஸ்ஐ களைத்துப்போயிருந்தார். "பொறக்கல," என்றார்.

அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் கூடி ரொம்ப நேரம் யோசித்தார்கள். இன்னும் பொறக்கவில்லை என்றால் இனிமேல்தான் பொறக்கப்போகிறார். பொறந்து, வளர்ந்து, பினாங்கு போய், முதலாளியாகி, லட்ச ரூபாயோடு வரணும். பரவாயில்லை, இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவர்கள். ஆனால் எந்த வயிற்றில் பொறப்பார்? பேர் தெரிந்து, உயரம் தெரிந்து, மச்சம் எந்தக் கன்னத்தில் என்று பொறக்கும் முன்னாலேயே ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கிறதே, அவன் அப்பனாகத்தானே இருக்கணும்? மகன் என்று அவன் சொன்னதில் ஒரு சின்னத் தப்பு, அவ்வளவுதான். உள்ளே போய், "கிருபாகரனுக்குப் பொண்ணு பாக்கணும் சார்," என்றார் தாண்டவராயன்.

எஸ்ஐ சிரித்துச் சிரித்து மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். பிறகு கிருபாகரனைப் பார்த்து, "உன் பழைய கேசெல்லாம் ஒண்ணொண்ணா தோண்டட்டுமா, இல்ல இவங்க சொல்றதக் கேக்கறியா?" என்றார். கிருபாகரன் தன் மொட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பெண் ஊரிலேயே இருந்தாள். இட்லிக்கடை கனகவல்லி, முப்பத்தைந்து வயது, ஏகாம்பரத்தின் தங்கை. தான் ஏமாற்றுக்காரன் என்று மாப்பிள்ளை தெருவில் நின்று கூவினதை அவளிடமும் சொன்னார்கள். "பரவால்ல," என்றாள். "இந்த ஊர்ல ஒருத்தனாவது வெவரமா இருக்கட்டும்."

ஒரே ஒரு சிக்கல்தான். விஷயம் ஆறாவது ஆளுக்குத் தெரியக்கூடாது. கல்யாணத்தன்றைக்கு மாவரைக்கப் போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள் கனகவல்லி. மாவு அரைக்க இவ்வளவு நாழி ஆகுமா என்று ஏகாம்பரம் ஒரு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆண்பிள்ளை பிறந்தது. வலது கன்னத்தில் மச்சம் இல்லை, வரும் என்று வைத்துக்கொண்டார்கள். பொன்னுரங்கம் என்று பேர் வைத்தார்கள். தேங்காய்க்குப் பயந்து குழந்தை தலையில் எப்போதும் ஒரு பித்தளைச் சொம்பு. பதினோராம் மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தணும், அது மாற்ற முடியாத முறை. தாய்மாமனுக்கோ விஷயம் தெரியக்கூடாது. ஏகாம்பரத்தின் கண்ணைத் துண்டால் கட்டிக் கூட்டிவந்து மணையில் உட்காரவைத்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் மடியில் குழந்தையை வைத்தார்கள். ஐந்து பேரும் சுற்றி நின்று அந்த முகத்தையே பார்த்தார்கள். தாண்டவராயன் கையில் பழைய ஒப்பந்தம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரம் நெளிந்தான். "எப்பா, மடியில சூடா ஏதோ ஈரமா ஓடுதே. இன்னாப்பா இது?"

தாண்டவராயன் ஒப்பந்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சம்மந்தத்தின் காதில் சொன்னார்.

"முதல் தவணை வந்துடுச்சு. குதிரைக்குச் சொல்லிடு."